பன்னிரண்டாவது வெட்டு

இந்த வாரம் நான் எழுதப் போவதில் ஒரு சொல்கூடப் பொய் கிடையாது. என் இரண்டு கண்களின் மேல் ஆணை. ஆபரேஷன் ஆகாத வலது கண்ணின் மேல் தனியாக இன்னொரு ஆணை. போன வாரங்களில் அங்கங்கே சரக்கு கொஞ்சம் கூடியிருப்பதாகச் சில வாசகர்கள் கடிதம் போட்டிருந்தார்கள். நியாயம்தான். தணிக்கை ஆபீஸின் பழைய தலைவர் படுத்துக்கொண்டே படம் பார்க்க வசதியாகத் திரையைக் கூரையில் மாட்டினோம் என்று எழுதியது அதிகப்படிதான். கூரையில் மாட்டவில்லை. சாய்த்துத்தான் வைத்தோம்.

புதிதாக இந்தப் பக்கத்தைப் புரட்டியவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நான் தணிக்கை ஆபீஸில் முப்பத்து நாலு வருஷம் ஆபரேட்டர். அதாவது அதிகாரிகளுக்குப் படம் ஓட்டிக் காட்டுகிற ஆள். என் மனைவி பள்ளிக்கூடத்தில் டீச்சர். எல்லாரும் டீச்சர் என்றே கூப்பிட, நானும் அப்படியே பழகிவிட்டேன். அவளுடைய அண்ணன், என் மச்சான், சினிமா டைரக்டர். ஆயுளில் எடுத்தது ஒரே படம். எங்கள் வீட்டில் அதைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுவதில்லை. 'அந்தப் படம்' என்றால் போதும், தட்டுகள் கீழே வைக்கப்படும் சத்தம் மாறிவிடும்.

முப்பத்தெட்டு வருஷமாக அண்ணனும் தங்கையும் பேசிக்கொள்வதில்லை. ஒரே சோபாவில் உட்கார்ந்திருந்தாலும், "மாப்பிள்ளை, உங்க வீட்டுக்காரிகிட்ட சொல்லுங்க" என்பார் அவர். "உங்க மச்சான்கிட்ட சொல்லிடுங்க" என்பாள் இவள். நடுவில் நான் ஒரு தபால்பெட்டி.

காரணம் இதுதான். அந்தப் படத்தில் ஒரு கணவன், சாப்பாடு ஆறிப்போயிற்று என்று மனைவியைக் கன்னத்தில் அறைகிறான். அன்று சாயந்தரம் வேலை முடிந்து வீட்டுக்கு வந்தால் கதவு உள்ளே தாழ்ப்பாள் போட்டிருக்கிறது. தட்டுகிறான்.

"யாரு?" என்கிறாள் உள்ளேயிருந்து.

"நான்தான்."

"நான்தான்னா யாரு?"

அவன் வாசலிலேயே நிற்கிறான். அவள் உட்கார்ந்து, நிதானமாகச் சாப்பிட்டு முடித்து, கை கழுவி, விளக்கை அணைக்கிறாள். மொத்தம் ஒரு நிமிடம் நாற்பது விநாடி. படம் தணிக்கைக்குப் போய்த் திரும்பி வந்தபோது அடி அப்படியே இருந்தது, கதவைக் காணவில்லை.

படத்தைப் பார்த்த குழுவில் அன்றைக்கு டீச்சரும் ஒருத்தி. வழக்கமாக வரும் பெண் உறுப்பினருக்குக் காய்ச்சல். குழுவில் ஒரு பெண்ணாவது இருந்தே ஆகவேண்டும் என்பது விதி. "உன் வீட்டுக்காரி டீச்சர்தானே, கூட்டிட்டு வா" என்றார் தலைவர். என்ன படம் என்று அவளுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. வெட்டுப் பட்டியலில் அவள் கையெழுத்து இருந்தது. மச்சானுக்கு அது போதுமானதாக இருந்தது; பட்டியலில் என்னென்ன இருந்தது என்று படித்துக்கூடப் பார்க்கவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்தக் கதவுக் கதை டீச்சரின் சொந்தக் கதை. எங்களுக்குக் கல்யாணமான இரண்டாம் வருஷம் நடந்தது. அண்ணனிடம் ஒரு முறை சொல்லியிருக்கிறாள், அவர் படமாக எடுத்துவிட்டார். ஆனால் படத்தில் வரும் கணவனுக்கும் எனக்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது. அவனுக்கு மீசை இருந்தது. அந்தச் சமயம் மூன்று நாள் நான் ஆபீஸிலேயே தங்க நேர்ந்தது உண்மை. வேலை அதிகம்.

போன வாரம், அந்தப் படத்தின் பழைய பிரதியைச் சுத்தம் செய்து ஒரு கல்லூரியில் மறுபடி திரையிட்டு மச்சானைப் பாராட்டப் போகிறார்கள் என்று தெரிந்ததும், கல்லூரி வாசலில் மாணவிகள் அட்டை பிடித்து நின்றதோடு நிறுத்தியிருந்தேன். 'பெண்டாட்டியை அடிப்பவனுக்குப் பாராட்டு விழாவா?' என்று எழுதியிருந்தது. எழுபத்தோரு வயது மச்சான் காரிலிருந்து இறங்கி அந்த அட்டையைப் படித்தார். மறுபடி ஒரு முறை படித்தார்.

இனி இந்த வாரம்.

*

காலை எட்டு மணிக்கு டீச்சர் தன் கண்ணாடியைக் கழற்றி மேசை மேல் வைத்தாள். ஒரு பக்கக் கால் தொங்கிக்கொண்டிருந்தது.

"ஸ்க்ரூ லூசாயிடுச்சு. உங்க டப்பாவுல சின்ன ஸ்க்ரூ டிரைவர் இருக்குமே?"

"நான் பாத்துக்கறேன். கொடு."

கத்தி நுனியை வைத்து முடுக்கிக் கொடுத்தேன். என் ஸ்க்ரூ டப்பாவை யாரும் தொடக் கூடாது என்பது எங்கள் வீட்டில் நெடுநாள் சட்டம். பழைய பிஸ்கட் டப்பா. சுற்றிலும் கறுப்பு டேப் ஒட்டி, அலமாரியின் மேல்தட்டில் வைத்திருக்கிறேன். கிட்டே போனால் புளித்த நாற்றம் ஒன்று வரும். பழைய கிரீஸ் அப்படித்தான் நாறும் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

"ஆடுது இன்னும்" என்றாள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு.

"எங்க கிளம்பறே?"

"அந்தப் பட்டியல்ல என் கையெழுத்து இருக்கு. இன்னைக்கு மறுபடி பாக்கறாங்களாமே. நானும் வரேன்."

"மச்சான் ஏதாவது சொல்வாரு."

"சொல்லட்டும். எத்தனை வருஷமா சொல்லிட்டுத்தான் இருக்காரு. இன்னைக்காவது என் காதுல விழட்டும்."

வேண்டாம் என்று சொல்ல என்னிடம் நல்ல காரணம் எதுவும் இல்லை. கெட்ட காரணங்களைச் சொல்வது என் வழக்கமில்லை.

*

நான் வேலை பார்த்த அதே கட்டடம்தான். படம் ஓட்டும் அறையில் மட்டும் இப்போது ஆள் கிடையாது. ஒரு பெட்டி தானே படத்தை ஓட்டிக்கொள்கிறது. நான் முப்பத்து நாலு வருஷம் நின்ற இடத்தில் துடைப்பமும் ஒரு வாளியும் நின்றன. இரண்டுமே என்னைவிட ஒல்லி.

என் காலத்தில் ஒவ்வொரு உறுப்பினர் முன்னாலும் ஒரு மணி இருக்கும். ஆட்சேபணை என்றால் அமுக்குவார்கள். மணி கேட்டதும் நான் ஓடுகிற ரீலில் ஒரு காகிதத் துண்டைச் செருக வேண்டும். எந்த இடத்தில் வெட்டு என்று அப்புறம் கண்டுபிடிக்க அதுதான் அடையாளம். தலைவர் எதையும் தவறவிடக் கூடாதென்று ஒரு கண்ணாடிக்கு மேல் இன்னொரு கண்ணாடி போட்டுக்கொள்வார். இரட்டைக் கண்ணாடி என்றே அவருக்குப் பெயர். மச்சான் படத்தில் ஒரு பெண் மழையில் குடையில்லாமல் நடந்ததற்கு ஒரு மணி அடித்தார். அடுத்த காட்சியில் அவள் குடை பிடித்து வந்தாள். அதற்கும் ஒரு மணி. ஏன் சார் என்று கேட்டதற்கு, "முன்னாடி நனைஞ்சது இப்ப ஞாபகம் வருதுய்யா" என்றார். போலீஸ்காரர் கொட்டாவி விட்டதற்கு ஒன்று. ஆபீஸில் நாற்காலி காலியாக இருந்தது, அரசாங்கத்தைக் கிண்டல் செய்வதாகும் என்று ஒன்று. இப்படிப் பதினொன்று.

அறைவிடும் காட்சிக்கு மணி அடிக்கவில்லை. "நல்லா வெச்சான்யா" என்று சிரித்தார் இரட்டைக் கண்ணாடி. இரண்டு பேர் கூடச் சிரித்தார்கள். கொட்டகைகளில் அந்த இடத்துக்கு விசில் பறந்தது.

இன்றைக்கு விசில் இல்லை. படம் முடிந்து விளக்கு எரிந்தபோது ஐந்து உறுப்பினர்களும் மேசையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். தலைமை அதிகாரி ஒரு பெண். எங்கள் மகள் வயதுதான் இருக்கும். எல்லாரும் மேடம் என்றார்கள்.

முன்வரிசையில் மச்சான். அவர் பக்கத்தில் எங்கள் மகள். அவள் சினிமா எடிட்டர், தாய்மாமனுக்காக ஆறு மாசம் சம்பளமில்லாமல் உட்கார்ந்து பழைய பிரதியைக் கம்ப்யூட்டரில் ஏற்றிச் சுத்தம் செய்தவள். நானும் டீச்சரும் கடைசி வரிசையில்.

மேடம் முதலில் நல்ல செய்தியைச் சொன்னாள். "சார், அந்தப் பதினொரு வெட்டையும் நாங்க ரத்து பண்றோம். துண்டுகள் எங்க ஸ்டோர்லதான் இருக்கு, எடுத்துச் சேத்துக்குங்க. அதையெல்லாம் எதுக்கு வெட்டினாங்கன்னே எங்களுக்குப் புரியல."

"எனக்கும்தான்" என்றார் மச்சான்.

"ஆனா அந்த அறை விழற இடம் போகணும்."

மச்சான் மெதுவாக எழுந்தார். முழங்கால் வலி உள்ளவர் கோபத்தில் எழுந்தாலும் மெதுவாகத்தான் எழ முடியும். அது கோபத்துக்கு இன்னும் மரியாதை சேர்த்தது.

"அப்ப அவ கேட்டதை வெட்டினீங்க. இப்ப அவன் அடிச்சதை வெட்டறீங்க. மிச்சம் என்ன இருக்கும் தெரியுமாம்மா? ஒரு புருஷன், ஒரு பொண்டாட்டி, ஆறிப்போன சாப்பாடு. அதுக்கு எதுக்குப் படம்? அவங்கவங்க வீட்டுலயே பாத்துக்கலாமே."

"சார், உக்காருங்க."

"உக்காந்து உக்காந்துதான் இப்படி ஆச்சு."

"என் தங்கச்சி இதைப் பாத்தா தூங்க மாட்டா, சார்" என்றாள் மேடம்.

"தூங்கக் கூடாதுன்னுதான் எடுத்தேன்."

மேடமும் இப்போது எழுந்துவிட்டாள். "அடிக்கறதைக் காட்டாதீங்கன்னு நான் சொல்லல. அடிச்சதுக்கு அப்புறம் ஒண்ணுமே நடக்கலையே, அதைச் சொல்றேன். அடி வாங்கினவ அடுத்த காட்சியில தலை சீவிக்கிட்டு பாடறா. அவன் முகத்துல ஒரு வருத்தம் இல்ல. அவன் செஞ்சது சரின்னு படமே சொல்ற மாதிரி இருக்கு. வாசல்ல அட்டை பிடிச்ச பிள்ளைங்க கேக்கறது தப்பா? நீங்களே சொல்லுங்க."

"தப்பில்ல" என்றார் மச்சான். "அவங்க கேக்கறது நூத்துக்கு நூறு சரி. நான் அந்த வயசுல இருந்தா நானும் அட்டை பிடிச்சிருப்பேன். முப்பத்தெட்டு வருஷமா என் படத்தைப் பாத்து அடிக்கறவனுங்க எனக்குக் கை குடுத்திருக்கானுங்க. 'சரியான படம் சார், பொம்பளையை எங்க வைக்கணும்னு காட்டிட்டீங்க'ன்னு. கல்யாண மண்டபத்துல, ரயில்ல, பல் டாக்டர்கிட்ட வாயைத் திறந்து வெச்சிருக்கும்போது. அடிச்சதுக்கு அப்புறம் நடந்துச்சும்மா. எடுத்தேன். அதை வெட்டிட்டாங்க."

"எதை?"

கடைசி வரிசையிலிருந்து டீச்சர் சொன்னாள்.

"கதவை."

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அவள் எழுந்து நின்று, பாடம் நடத்துகிற குரலில், தாழ்ப்பாளையும் தட்டலையும் கேள்வியையும் சாப்பாட்டையும் கை கழுவியதையும் சொன்னாள். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. சொல்லி முடித்தபோது ஓர் உறுப்பினர் பேனாவை மூடினார்.

மேடம் உட்கார்ந்தாள். "அந்தக் காட்சி கிடைச்சா அறை அப்படியே இருக்கட்டும். நானே கையெழுத்துப் போடறேன். கிடைக்கலைன்னா என்னால முடியாது சார். வெள்ளிக்கிழமை பகல் பன்னிரண்டுக்குள்ள கொண்டாங்க. சனிக்கிழமை திரையிடல். ஸ்டோர் சாவி கீழ இருக்கு."

*

ஸ்டோர் கீழ்த்தளத்தில். அங்கே ஓர் அம்மா இருபது வருஷமாகக் காவல். வெட்டிய துண்டுகளைத் திருப்பிக் கேட்டு யாரும் வந்ததே இல்லையாம். துண்டை ஒப்படைக்கிற படக்காரர்கள் வருவார்கள், அழுதுவிட்டுப் போவார்கள். ஆகவே அந்த அம்மா எங்களைச் சந்தேகமாகப் பார்த்து, நாலு பேரிடமும் தனித்தனியாகக் கையெழுத்து வாங்கினாள்.

முறை இதுதான். வெட்டிய துண்டுகளுக்கு எண் சீட்டுக் கட்டி, தகர டப்பாவில் போட்டு, அரக்கு வைத்து இங்கே கொண்டுவந்து சேர்ப்பார்கள். வெட்டு முடிந்த பிரதிக்கு மறுநாள் சீல் வைப்பார்கள். சீல் வைத்த பிரதி எப்படியோ அப்படியே பிலிம் லேப்காரர்கள் மூல நெகட்டிவ்வையும் வெட்டிவிடுவார்கள். வேறு எங்கும் மிச்சமிருக்காது. டப்பாவுக்கும் சீலுக்கும் நடுவே ஒரு நாள் பிரதி ஆபரேட்டரின் பொறுப்பில் இருக்கும். என் பொறுப்பில் இருந்த எந்தப் பிரதிக்கும் ஒரு குறையும் வந்ததில்லை என்று பதிவேட்டில் தெளிவாக எழுதியிருக்கிறது. எழுதியது நான்தான்.

டப்பா நாற்பத்தேழாம் அலமாரியில் இருந்தது. அரக்கு உடையாமல் இருந்தது. மச்சான் அதைக் கையில் வாங்கி மேசை மேல் வைத்தார். குழந்தையை எடை பார்க்க வைக்கிற மாதிரி வைத்தார். மகள் அரக்கைச் சுரண்டி மூடியைத் திருகினாள்.

புளித்த நாற்றம் அறை முழுக்கப் பரவியது. பழைய பிலிம் கெட்டுப்போனால் வரும் நாற்றம் அது. ஸ்டோர் அம்மா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

மகள் ஒவ்வொரு சுருளாக எடுத்துச் சீட்டைப் படித்து வரிசையாக வைத்தாள். குடை இல்லாதது. குடை உள்ளது. கொட்டாவி. நாற்காலி. டப்பா காலியானது.

"பதினொண்ணு" என்றாள்.

"திருப்பி எண்ணு."

"மாமா, டப்பாவைக் கவுத்துக்கூடப் பாத்துட்டேன்."

மச்சான் என் பக்கம் திரும்பினார். "மாப்பிள்ளை, உங்க வீட்டுக்காரியைக் கேளுங்க, பன்னிரண்டாவது எங்கன்னு."

நான் தபாலைச் சேர்ப்பதற்காகத் திரும்பினேன். டீச்சர் கையை நீட்டி என்னை ஓரமாக ஒதுக்கினாள்.

"அவரை விடுண்ணே. என் மூஞ்சியைப் பாத்துக் கேளு."

முப்பத்தெட்டு வருஷத்தில் முதல் தடவையாக நான் வேலையிழந்தேன்.

"சரி, பாத்தே கேக்கறேன்" என்றார் மச்சான். "உனக்கு வெக்கம். பள்ளிக்கூடத்துல பிள்ளைங்க முன்னாடி எப்படி நிக்கறது, புருஷன்கிட்ட அடி வாங்கின டீச்சர்னு பேசுவாங்களேன்னு. அதுக்காக என் படத்தோட முதுகெலும்பை உருவிட்டே. உன் மானத்துக்கு என் வாழ்க்கை விலை."

"அடி வாங்கினதுக்கு நான் எதுக்கு வெக்கப்படணும்? அடிச்சவன் படணும்."

அந்த நேரம் நான் அலமாரிகளின் எண்களைப் படித்துக்கொண்டிருந்தேன். நாற்பத்தொன்றில் தொடங்கி அறுபது வரை இருக்கின்றன. ஐம்பத்து மூன்று மட்டும் இல்லை.

"என் வாழ்க்கையில யாரையும் கேக்காம நானா செஞ்ச ஒரே காரியம் அந்தத் தாழ்ப்பாள். அதை நீ என்னைக் கேக்காம படமா எடுத்தே. சரி, எடுத்தே. இருட்டுல உக்காந்து பாத்தேன். நான் செஞ்சது இவ்வளவு பெரிசான்னு அன்னைக்குத்தான் எனக்கே தெரிஞ்சுது. மணி பதினொரு தடவை அடிச்சுது. நான் விரல் விட்டு எண்ணினேன். கதவுக்கு யாரும் அடிக்கல. அடிச்சிருந்தா மேசையைக் கவுத்திருப்பேன். பதினொண்ணுக்குத்தான் கையெழுத்துப் போட்டேன், அதுக்கே கை கூசிச்சு. நீ என்ன பண்ணே? ஒரு வார்த்தை கேட்டியா? நேரா வீட்டுக்கு வந்தே, பட்டியலை என் மூஞ்சியில விசிறினே, போனே. அம்மா செத்தப்பக்கூட என்னைத் தாண்டித்தானே போனே. இன்னொருத்தன் அறைஞ்சான்னு படம் எடுத்தவன் நீ. நீ பண்ணதுக்கு யாரு படம் எடுக்கறது?"

ஸ்டோர் அம்மா மூக்கிலிருந்து முந்தானையை எடுத்துவிட்டாள். நாற்றத்தைவிட இது அவளுக்கு முக்கியமாகிவிட்டது.

"அப்ப யாரு வெட்டினா?" என்றார் மச்சான் கடைசியில். குரலில் கோபம் இருந்தது, ஆனால் போகிற திசை தெரியாமல் நின்றது.

"இங்க வாங்க ரெண்டு பேரும்" என்றாள் மகள். கம்ப்யூட்டரைத் திறந்து வைத்திருந்தாள். "இது உங்க பிரதி, மாமா. பதினொரு இடத்துல ஒட்டு இருக்கு. பாருங்க, எல்லாம் நேர்க்கோடு. வெட்டற மெஷின்ல வெச்சு வெட்டி, டேப் போட்டு ஒட்டினது. ஆபீஸ் கணக்குக்கு நடந்த வெட்டு." இன்னொரு இடத்துக்குப் போனாள். "இது அறைக்கு அப்புறம் வர்ற ஒட்டு. சாய்ஞ்சு போயிருக்கு. டேப் இல்ல, பசை. இது மெஷின் இல்ல, கத்திரிக்கோல். நேரமில்லாம யாரோ அவசரமா வெட்டியிருக்காங்க. கை நடுங்கியிருக்கு."

"குளிர்ல நடுங்கியிருக்கும்" என்றேன்.

மகள் நிமிர்ந்து பார்த்தாள். "எந்த மாசம்னு உங்களுக்கு எப்படிப்பா தெரியும்?"

"பொதுவாச் சொன்னேன்."

மச்சான் என்னிடம் வந்தார். "மாப்பிள்ளை, படம் ஓட்டற ரூம் உங்க கையில இருந்துச்சு. அன்னைக்கு யாராவது உள்ள வந்தாங்களா? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

நல்லாவே யோசித்தேன். "இரட்டைக் கண்ணாடி ஒரு தடவை தீப்பெட்டி கேட்டு வந்தாரு. நான் டீ குடிக்கப் போனப்ப அவரு மட்டும்தான் இருந்தாரு." அவர் காலமாகி இருபது வருஷமாகிறது. செத்தவர் மேல் பழி போடுவது எனக்குப் பிடிக்காது. அதனால்தான் சுருக்கமாக முடித்துக்கொண்டேன்.

"அவனா?" என்று பல்லைக் கடித்தார் மச்சான். "குடைக்கு மணி அடிச்சவன். அவன்தான். இல்லாத மணியை அடிச்சுட்டான் படுபாவி." தங்கையின் பக்கம் திரும்பினார். எழுபத்தோரு வயது ஆள் மன்னிப்புக் கேட்பது எப்படி என்று தெரியாமல், மேசை மேலிருந்த குடைச் சுருளை எடுத்து அவளிடம் நீட்டினார். அவள் வாங்கி, தள்ளி வைத்தாள்.

"மன்னிப்பெல்லாம் அப்புறம். எனக்கு இன்னும் கோபம் இருக்கு. வெள்ளிக்கிழமைக்கு என்ன பண்ணப்போறே?"

"துண்டு இல்ல. என்ன பண்றது? அறையை வெட்டிட வேண்டியதுதான். இல்லைன்னா படத்தையே எடுத்துட்டுப் போயிடறேன். அடிக்கறவனுங்க கை குடுத்தது போதும்."

"வெட்டாதே" என்றாள் டீச்சர். "சனிக்கிழமை அந்த இடம் வந்ததும் படத்தை நிறுத்தச் சொல்லு. விளக்கைப் போடச் சொல்லு. நான் திரைக்கு முன்னாடி போய் நிக்கறேன். உள்ள இருந்தவ யாருன்னு சொல்றேன். மூணு நாள் வெளியில நின்னது யாருன்னும் பேர் சொல்லிச் சொல்றேன். அட்டை பிடிச்ச பிள்ளைங்க முன்வரிசையில உக்காரட்டும். அந்த மேடம் வேணும்னா அதுக்கு மணி அடிக்கட்டும் பாக்கலாம்."

மச்சான் அவளையே பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். மகளும் என்னைப் பார்த்தாள். ஸ்டோர் அம்மா, யார் என்று விசாரிக்கவே தேவையில்லாமல், என்னைப் பார்த்தாள். எனக்கு ஒரு ஆட்சேபணையும் இல்லை என்று தலையசைத்தேன். தலை கொஞ்சம் பக்கவாட்டில் அசைந்திருக்கலாம்.

மகள் சுருள்களை எடுத்துக்கொண்டாள். டீச்சர் காலி டப்பாவை மூடப் போனவள், மூடாமல் குனிந்தாள். முகர்ந்தாள். கண்ணாடியின் கால் தொங்கியது. நிமிர்த்திக்கொண்டு மறுபடி முகர்ந்தாள்.

"என்னம்மா?" என்றாள் மகள்.

"ஒண்ணுமில்ல. இது கிரீஸ் நாத்தம் இல்லையா?"

"கிரீஸா? பழைய பிலிம்தாம்மா இப்படி நாறும். வேற எதுவும் இப்படி நாறாது."

டீச்சர் மூடியைப் பொருத்தி, வலமாக மூன்று சுற்றுச் சுற்றி, இறுக்கினாள்.

*

பஸ்ஸில் அவள் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து வந்தாள். நான் வானிலை பற்றிப் பேசினேன். விலைவாசி பற்றிப் பேசினேன். இரட்டைக் கண்ணாடி ஒரு தடவை தன் மகள் கல்யாணப் படத்தையே வெட்டச் சொன்ன கதையைச் சொன்னேன். அது நடந்ததே. எதற்கும் அவள் திரும்பவில்லை.

வீட்டுக்குள் நுழைந்தபோது இன்னும் வெயில் இருந்தது. கைப்பையை நாற்காலியில் வைத்தாள். கண்ணாடியைக் கழற்றி என் முன்னால் பிடித்தாள்.

"இன்னும் ஆடுது."

"குடு. கத்தியை வெச்சு முடுக்கித் தரேன்."

"கத்தி வேண்டாம். ஸ்க்ரூ டிரைவரே எடுத்துக்கறேன்."

"நான் எடுத்துத் தரேன் டீச்சர். மேல்தட்டு, உனக்கு எட்டாது."

"நீங்க உக்காருங்க" என்றாள். என்னை உட்காரச் சொல்வது அவளுக்கு வழக்கம். இன்றைக்கு அதைச் சொன்ன விதம் வேறு. வகுப்பில் கடைசி பெஞ்சில் இருப்பவனிடம் சொல்லும் விதம்.

போகிற வழியில் வாசல் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள். நான் உள்ளேதான் இருந்தேன். அது எனக்கு ஆறுதலாக இல்லை. பிறகு நாற்காலியை இழுத்து அலமாரிக்கு அடியில் போட்டு, புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு மேலே ஏறினாள். கறுப்பு டேப் கிழிகிற சத்தம் கேட்டது.

இதுவரை எழுதியதெல்லாம் நான் கண்ணால் கண்டது, காதால் கேட்டது. மேலும் ஒரு தகவல்: என் ஸ்க்ரூ டப்பாவில் ஸ்க்ரூ எதுவும் கிடையாது, ஒரு நிமிடம் நாற்பது விநாடிப் படம் இருக்கிறது.